செல்லுக்குள் எண்ணெய்த் துளி: அதை உயிரோடு பார்ப்பது எப்படி?

பாலக்காட்டு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து கோயம்புத்தூருக்குப் போய் வயிற்று ஸ்கேன் எடுத்துவருகிற பலருடைய ரிப்போர்ட்டில் ஒரே வரிதான் இருக்கிறது: ஈரலில் கொழுப்பு, கிரேடு ஒன்று. அதைப் படித்த ஆள் யாரிடமாவது நீட்டிக் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்: "ஏனுங்க, இந்தக் கொழுப்பு ஈரலுக்கு மேல படிஞ்சிருக்குதுங்களா, உள்ள இருக்குதுங்களா?"

நல்ல கேள்வி. உள்ளேதான் இருக்கிறது. ஈரலுக்கு உள்ளே என்பதைவிட, ஈரலின் செல்களுக்கு உள்ளே என்று சொன்னால் சரியாக இருக்கும். அந்தச் செல்களில் சின்னச் சின்ன எண்ணெய்த் துளிகளாக அந்தக் கொழுப்பு கிடக்கிறது. ஈரல் செல்களில் 5 சதவீதத்துக்கு மேல் இப்படித் துளிகள் தேங்கியிருந்தால் அதற்குக் கொழுப்பு ஈரல் என்று பெயர்.

ஸ்கேன் மெஷின் இந்தத் துளிகளைப் பார்ப்பதில்லை. கொழுப்பு சேர்ந்த ஈரல் ஒலி அலையை அதிகமாகச் சிதறடிக்கும். அதனால் பக்கத்தில் இருக்கும் சிறுநீரகத்தைவிட வெளிறித் தெரியும். அந்த வெளிறலை வைத்துத்தான் கிரேடு போடுகிறார்கள். ஒரு துளியின் குறுக்களவோ பெரும்பாலும் சில மைக்ரோமீட்டர், அதாவது மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்ததில் சில பங்கு. அதைத் தனித்தனியாக, அதுவும் செல் உயிரோடு இருக்கும்போதே பார்க்க வேண்டுமானால் வேறு வழி வேண்டும். எண்ணெய்க்குள் போனால் ஒளிரும் சாயங்கள்தான் அந்த வழி. ஆய்வகத்தில் புரோப் என்பார்கள். நான் ஒளிர்சாயம் என்று எழுதுகிறேன். முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இவை நோயாளிக்கு ஊசியில் ஏற்றுகிற சமாச்சாரம் இல்லை. தட்டில் வளர்க்கும் செல்களிலும், ஈஸ்ட்டிலும், புழு, மீன் குஞ்சு போன்ற சிறு உயிர்களிலும் ஆராய்ச்சிக்காகப் போடுபவை.

துளிக்குள் என்ன இருக்கிறது

கொழுப்புத் துளி மனித உடம்புக்கு மட்டும் சொந்தமில்லை. பாலக்காட்டுச் சித்தூர்த் தாலுகாவின் கிழக்குக் காடுகளில் விளையும் நிலக்கடலையை எடுத்துக்கொள்ளுங்கள். பருப்பின் எடையில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய். அது முழுக்கச் செல்களுக்குள் துளித்துளியாக, ஒலியோசின் என்ற புரதத்தைப் போர்த்திக்கொண்டு, ஒன்றோடொன்று கலக்காமல் இருக்கிறது. செக்கில் ஆட்டும்போது அந்தத் துளிகளைத்தான் உடைக்கிறோம். சொசைட்டியில் ஊற்றும் பாலில் மிதக்கும் கொழுப்பு உருண்டைகளும் மாட்டின் மடிச் செல்லுக்குள் துளியாகப் பிறந்தவைதான். வெளியே வரும்போது அந்தச் செல்லின் சவ்விலேயே ஒரு சுற்றைச் சுற்றிக்கொண்டு வந்துவிடுகின்றன. தென்னங்கள்ளைப் பொங்கவைக்கும் ஈஸ்ட்டிலும் துளி உண்டு, ஆனால் அரை மைக்ரோமீட்டருக்கும் சின்னது. நம் தோலுக்கடியில் இருக்கும் வெள்ளைக் கொழுப்புச் செல்லில் கதை தலைகீழ். அங்கே ஒரே ஒரு துளிதான். 100 மைக்ரோமீட்டர் வரை பெருத்து, உட்கருவையே ஓரத்துக்குத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கும்.

எந்த உயிரில் இருந்தாலும் அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். நடுவில் டிரைகிளிசரைடும் கொலஸ்ட்ரால் எஸ்டர் மாதிரியான பொருட்களும். அதைச் சுற்றிப் பாஸ்போலிப்பிடு மூலக்கூறுகள் ஒற்றை அடுக்காக நிற்கும். அந்த அடுக்கில் ஆங்காங்கே புரதங்கள் ஒட்டியிருக்கும். செல்லுக்குள் சவ்வு உள்ள மற்ற உறுப்புகளுக்கெல்லாம் சவ்வு இரட்டை அடுக்கு, ஏனென்றால் அவற்றுக்கு உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். கொழுப்புத் துளிக்கு உள்ளே தண்ணீர் இல்லை, அதனால் ஒற்றை அடுக்கே போதும். செல் என்பது பெரும்பாலும் தண்ணீர். அதற்குள் தண்ணீரே இல்லாத ஒரு சின்ன இடம். ஒளிர்சாயங்களின் வித்தை முழுக்க இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

உயிரியலாளர்கள் ரொம்ப காலம் இந்தத் துளியை ஒரு பத்தாயமாகத்தான் நினைத்தார்கள். விளைச்சல் மிஞ்சினால் கொட்டி வை, பஞ்சம் வந்தால் அள்ளு, அவ்வளவுதான் அதற்கு வேலை என்று. 1991-ல் துளியின் மேற்பரப்பில் பெரிலிப்பின் என்ற புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். கொழுப்பை எப்போது வெளியே விடலாம், எப்போது விடக்கூடாது என்று அந்தப் புரதம் கட்டுப்படுத்துகிறது என்று பிறகு தெரிந்தது. அதிலிருந்து பார்வை மெல்ல மாறியது. துளிகள் செல்லுக்குள் விரிந்திருக்கும் எண்டோபிளாச வலை என்ற சவ்வுப் பின்னலிலிருந்து முளைக்கின்றன. செல்லுக்குள் இருக்கும் நுண்குழாய்களின் வழியே இடம் மாறுகின்றன. மைட்டோகாண்டிரியாவை ஒட்டி நின்று எரிபொருளைக் கொடுக்கின்றன. கெட்ட காரியங்களிலும் பங்கு உண்டு. ஹெபடைட்டிஸ் சி வைரஸ் தன்னைக் கட்டிக்கொள்ள இந்தத் துளிகளின் மேற்பரப்பைப் பயன்படுத்துகிறது. ரத்தக் குழாய்ச் சுவரில் கொலஸ்ட்ராலை விழுங்கிய வெள்ளை அணுக்கள் துளிகளால் நிரம்பி, நுரைத்த தோற்றத்தில் அங்கேயே தேங்கி, அடைப்புக்கு அடித்தளம் போடுகின்றன. காசநோய்க் கிருமி குடியேறிய செல்களும் அப்படி நுரைத்துப்போவது உண்டு.

இதெல்லாம் நடக்கும்போது பார்க்க வேண்டும் என்பதால்தான் உயிருள்ள செல் தேவைப்படுகிறது. துளி பிறப்பது, வளர்வது, கரைவது எல்லாம் நிமிடக் கணக்கிலும் மணிக் கணக்கிலும் நடக்கிறது. செத்த செல்லின் படத்தில் துளி எங்கே இருந்தது என்று தெரியும், எங்கே போய்க்கொண்டிருந்தது என்று தெரியாது.

பழைய சாயங்கள்

ஈரலிலிருந்து ஊசியால் சதை எடுத்து ஸ்லைடு போட்டுப் பார்க்கும்போது கொழுப்புத் துளி எப்படித் தெரியும் தெரியுமா? வெறும் ஓட்டையாக. சதையை மெழுகில் பதிப்பதற்கு முன் ஆல்கஹாலிலும் சைலீனிலும் ஊறவைப்பார்கள். அதில் கொழுப்பு முழுக்கக் கரைந்து போய்விடும். கொழுப்பு இருந்த இடம் மட்டும் வட்ட வட்டமாக வெள்ளையாக நிற்கும். பத்தாலஜி டாக்டர் அந்த ஓட்டைகளைப் பார்த்துத்தான் எத்தனை சதவீதம் கொழுப்பு என்று எழுதுகிறார்.

ஓட்டை வேண்டாம், கொழுப்பையே பார்க்க வேண்டும் என்றால் சதையை உறையவைத்து வெட்டி, எண்ணெயில் கரையும் சாயத்தைப் போட வேண்டும். சூடான் 3 என்ற சிவப்புச் சாயத்தை 1896-லேயே இதற்குப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். ப்ளஸ் டூ ஆய்வகத்தில் நிலக்கடலைப் பருப்பை மெல்லிசாகச் சீவி இதே சாயத்தைப் போட்டுப் பார்த்தவர்கள் இருப்பார்கள். பின்னால் வந்த ஆயில் ரெட் ஓ இன்றைக்கும் ஆய்வகங்களில் ஓடுகிறது. விலை மலிவு, சாதாரண மைக்ராஸ்கோப் போதும். குறை என்னவென்றால் செல்லைக் கொன்று, பதப்படுத்தி, ஆல்கஹால் கலந்த கரைசலில் சாயத்தை ஊற்ற வேண்டும். அந்த ஆல்கஹால் சின்னத் துளிகளைக் கரைக்கும், இரண்டு மூன்றை ஒன்றாகச் சேர்த்தும் விடும். எண்ணிக்கையையும் அளவையும் கணக்கெடுக்கிறவருக்கு இது பெரிய தலைவலி.

சாயமே இல்லாமலும் துளி ஓரளவு கண்ணில் படும். சுற்றியிருப்பதைவிட ஒளியை அதிகம் வளைப்பதால் மினுமினுக்கும் மணிகளாகத் தெரியும். ஆனால் செல்லுக்குள் மினுக்கும் மணி எல்லாம் கொழுப்பு இல்லை.

ஒளிர்வது என்றால்

1852-ல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் என்ற இயற்பியலாளர் கொய்னா மருந்தான குயினைன் கரைசலில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியைப் பாய்ச்சி, அது நீல ஒளியாகத் திரும்பி வருவதை விளக்கினார். குயினைன் எடுக்கும் மரம் நமக்கு அந்நியம் இல்லை. பாலக்காட்டிலிருந்து பார்த்தால் தெரியும் ஆனைமலைக்கு மேலே, வால்பாறைப் பக்கம், சிங்கோனா என்ற பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது.

ஸ்டோக்ஸ் பார்த்ததற்கு இன்றைய விளக்கம் இதுதான். சில மூலக்கூறுகள் ஓர் ஒளித்துகளை விழுங்கி, அந்தச் சக்தியால் கிளர்ச்சி நிலைக்குப் போகின்றன. சில நானோநொடிகளுக்குள் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். வாங்கிய சக்தியில் கொஞ்சம் அதிர்விலும் சூட்டிலும் செலவாகிவிடுவதால், வெளியே விடும் ஒளியில் சக்தி குறைவாக இருக்கும். அதாவது அலைநீளம் கூடியிருக்கும். நீலத்தைக் கொடுத்தால் பச்சை வரும், பச்சையைக் கொடுத்தால் சிவப்பு வரும். இந்த இடைவெளிக்கு ஸ்டோக்ஸ் நகர்வு என்று பெயர். இதனால் ஒரு பெரிய சௌகரியம். கொடுத்த ஒளியை ஃபில்டரால் மறைத்துவிட்டு, திரும்பி வந்த ஒளியை மட்டும் கேமராவுக்கு அனுப்பலாம். பின்னணி முழுக்கக் கருப்பு, சாயம் இருக்கும் இடம் மட்டும் வெளிச்சம்.

ஆனால் வாங்கிய சக்தியை ஒளியாகத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சுற்றுப்புறம் வசதியாக இருந்தால் மூலக்கூறு அதை முழுக்கச் சூடாகவே செலவழித்துவிடும்; அப்போது ஒளி வராது. ஒரே சாயம் ஓரிடத்தில் ஒளிர்ந்து, இன்னோரிடத்தில் இருட்டாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். கடைக்காரர்கள் கள்ள நோட்டு பார்க்க வைத்திருக்கும் ஊதா டார்ச் ஒன்று வேண்டும். ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர், இன்னொன்றில் தேங்காய் எண்ணெய். இரண்டிலும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டுக் கலக்கி, தூள் அடியில் படியும்வரை விட்டுவிடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்தால், எண்ணெய் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். தண்ணீரின் தெளிந்த பகுதியில் அந்த ஒளிர்வு இருக்காது. அடியில் கிடக்கும் தூள் வேண்டுமானால் லேசாக மின்னும். டார்ச்சை நேராகக் கண்ணில் அடிக்காதீர்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

இதில் இரண்டு காரணம் கலந்திருக்கிறது. மஞ்சளில் இருக்கும் குர்குமின் தண்ணீரில் கரைவதே அபூர்வம்; அப்படிக் கரைந்த கொஞ்ச நஞ்சமும் தண்ணீருக்குள் சரியாக ஒளிராது. எண்ணெயில் கரையவும் செய்யும், ஒளிரவும் செய்யும். நல்ல ஒளிர்சாயத்துக்கு வேண்டிய இரண்டு குணமும் இவைதான்: எண்ணெயைத் தேடிப் போக வேண்டும், அங்கே போனபிறகுதான் ஒளிர வேண்டும். எல்லாச் சாயத்திலும் இரண்டும் சேர்ந்து அமைவதில்லை என்பதுதான் இந்தத் துறையின் தொல்லை.

நைல் ரெட்டும் அதன் பிள்ளைகளும்

இந்த வேலைக்கு முதலில் பெரிய பெயர் வாங்கிய சாயம் நைல் ரெட். நைல் புளூ என்ற சாயத்தைக் கந்தக அமிலத்தோடு கொதிக்கவைத்தால் கிடைக்கும். 1985-ல் கிரீன்ஸ்பான், மேயர், ஃபவுலர் என்ற மூவர், உயிருள்ள செல்லின் கொழுப்புத் துளிகளை இது தேர்ந்தெடுத்துக் காட்டுகிறது என்று எழுதினார்கள்.

நைல் ரெட் மூலக்கூறின் ஒரு முனை எலக்ட்ரானைக் கொடுக்கத் தயாராக இருக்கும், மறுமுனை வாங்கத் தயாராக இருக்கும். ஒளி பட்டதும் எலக்ட்ரான் அடர்த்தி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்கிறது. சுற்றிலும் தண்ணீர் இருந்தால், தண்ணீர் மூலக்கூறுகள் அந்தப் புதிய மின்னூட்டத்துக்கு ஏற்றபடி உடனே திரும்பி நின்று, கிளர்ச்சி நிலையின் சக்தியை இறக்கிவிடும். சக்தி இறங்க இறங்க ஒளி சிவப்புப் பக்கம் நகரும், மங்கவும் செய்யும். தண்ணீரில் நைல் ரெட் ஏறக்குறைய இருட்டு. எண்ணெயில் அப்படித் திரும்பி நிற்கக்கூடிய ஆள் யாரும் இல்லை. சக்தி இறங்காமல் நின்று, பொன் மஞ்சள் ஒளியாகப் பளிச்சென்று வரும். இரண்டுக்கும் நடுவே இருப்பவை செல்லின் சவ்வுகள். அங்கே இது சிவப்பாக ஒளிர்கிறது.

அதனால் 450 முதல் 500 நானோமீட்டர் வரையுள்ள நீல ஒளியைக் கொடுத்து மஞ்சளைப் பார்த்தால் துளிகள் தெரியும். பச்சை ஒளியைக் கொடுத்துச் சிவப்பைப் பார்த்தால் துளிகளோடு சவ்வுகளும் சேர்ந்து தெரியும். ஒரே சாயத்தில் இரண்டு தகவல் என்று இதைப் புகழ்வார்கள். எனக்கு என்னவோ இது வசதியைவிடத் தொல்லையாகவே படுகிறது. மைக்ராஸ்கோப்பில் தவறான ஃபில்டர் மாட்டியிருந்தால் செல் முழுக்கச் சிவந்து, அத்தனையும் கொழுப்பு என்று தோன்றும். வேறு நிறச் சாயங்களோடு சேர்த்துப் போடவும் கஷ்டம், அகலமான பட்டையை அடைத்துக்கொள்ளும். பாசியில் எண்ணெய் எவ்வளவு என்று பார்ப்பதற்கும், தண்ணீரில் நுண்பிளாஸ்டிக் தேடுவதற்கும் இதையே போடுகிறார்கள். எண்ணெய்ப் பசை உள்ள எதிலும் ஒட்டிக்கொள்ளும் சாயம் என்பதற்கு அதுவே சாட்சி.

ஆனால் அதே மலிவான நைல் ரெட் செய்த ஒரு காரியத்துக்காக அதை மதிக்கிறேன். 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒவ்வொன்றிலும் ஒரு ஜீன் நீக்கப்பட்ட சுமார் 4,700 ஈஸ்ட் வகைகளை எடுத்து, ஒவ்வொன்றின் துளிகளும் எப்படி இருக்கின்றன என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். கள்ளில் இருக்கும் அதே சாக்கரோமைசிஸ் ஈஸ்ட்தான். ஒரு வகையில் மட்டும் துளிகள் எண்ணிக்கையில் குறைந்து, ராட்சத அளவுக்குப் பெருத்திருந்தன. காணாமல் போன அந்த ஜீனின் மனித இணை செய்ப்பின் என்ற புரதம். செய்ப்பின் பழுதானால் பெரார்டினெல்லி–செய்ப் நோய் வரும் என்பது 2001-லிருந்தே தெரியும். பிறக்கும்போதே தோலுக்கடியில் கொழுப்பு கிட்டத்தட்ட இல்லாமல் பிறக்கும் குழந்தைகள்; அங்கே தங்க முடியாத கொழுப்பு ஈரலில் போய்ச் சேரும். அந்தப் புரதம் உடம்பில் என்ன செய்கிறது என்பதுதான் அதுவரை புதிராக இருந்தது. மனித செய்ப்பினை அந்த ஈஸ்ட்டுக்குள் வைத்ததும் துளிகள் பழைய அளவுக்குத் திரும்பின. துளியின் உருவத்தை ஒழுங்குபடுத்துவது அதன் வேலை என்று அதிலிருந்து பிடி கிடைத்தது.

நைல் ரெட்டுக்குப் பிறகு ஆய்வகங்களில் அதிகம் புழங்குவது போடிப்பி குடும்பம். நடுவில் போரான் அணு இருக்கும். முதன்முதலாக 1968-ல் செய்தார்கள். கொழுப்புத் துளிக்குப் போடும் போடிப்பிக்கு 493/503 என்று வால் எண் உண்டு: 493 நானோமீட்டர் ஒளியை வாங்கி 503-ல் கொடுக்கும். வெகு பிரகாசம், பச்சை நிறம், பட்டையும் ஒடுக்கம். இது தண்ணீரில் அணைந்து எண்ணெயில் எரியும் ரகம் இல்லை. எண்ணெயில் போய்ச் சேர்வதில்தான் கெட்டி. அதனால் அளவு கொஞ்சம் கூடினாலும் சவ்வுகளும் மங்கலாகப் பச்சையடிக்கும். வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் இடையில் 10 நானோமீட்டர்தான் என்பதால் ஃபில்டர் பிரிப்பதும் சிரமம். தானே பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி என்ற புரதம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் செல்களில் இதைப் போடவும் முடியாது. அந்த மாதிரி நேரத்தில் நீலத்தில் ஒளிரும் மோனோடான்சில்பென்டேன் போன்றவை கைகொடுக்கும்.

புதிய சாயங்கள் பெரும்பாலும் மூன்று ஆசைகளை வைத்துக்கொண்டு செய்யப்படுகின்றன: தண்ணீரில் முழு இருட்டு, ஸ்டோக்ஸ் நகர்வு பெரியது, நெடுநேரம் ஒளி பட்டாலும் வெளுக்காதது. சில மூலக்கூறுகளில் ஒரு பாகம் தண்ணீருக்குள் முறுக்கிக்கொண்டு சக்தியை வீணாக்கும்படி அமைக்கிறார்கள். துளிக்குள் போனால் அந்த முறுக்கல் சக்தியைக் குடிக்காது, ஒளி வரும். 2001-ல் ஹாங்காங்கில் பென் சோங் டாங் குழு அறிமுகப்படுத்திய இன்னொரு ரகம், தனியாக இருக்கும்போது இருட்டாகவும், ஒன்றோடொன்று நெருங்கிச் சுழல முடியாமல் போகும்போது வெளிச்சமாகவும் இருக்கும். கேரளத்திலேயே திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டில் உள்ள தேசியப் பலதுறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஒளிரும் மூலக்கூறுகளைப் பற்றிய வேலை பல காலமாக நடக்கிறது.

சாயத்தின் வேதியியலில் இன்னொரு முக்கியமான விஷயம் மின்னூட்டம். நேர்மின்னூட்டம் உள்ள சாயம் மைட்டோகாண்டிரியாவுக்குள் போய்விடும், ஏனென்றால் அதன் உட்புறம் எதிர்மின்னூட்டம். லேசான காரத்தன்மை உள்ள சாயம், செல்லின் கழிவைச் செரிக்கும் பையான லைசோசோமில் மாட்டிக்கொள்ளும். அங்கே அமிலம் அதிகம், உள்ளே போனதும் ஒரு புரோட்டானைப் பிடித்துக்கொண்டு வெளியே வர முடியாமல் நின்றுவிடும். அதனால் துளிக்குப் போக வேண்டிய சாயத்துக்கு மின்னூட்டமும் கூடாது, வலுவான காரக் குணமும் கூடாது, எண்ணெய்ப் பிரியம் நிறைய வேண்டும். எண்ணெய்ப் பிரியம் அளவு மீறினால் செல்லைச் சுற்றியிருக்கும் தண்ணீரிலேயே திரண்டு, உள்ளே போகாமல் மிதக்கும். இந்தக் கயிற்றின் மேல்தான் வேதியியலாளர் நடக்கிறார்.

தட்டில் நடப்பது

செய்முறை பெரிய ரகசியம் இல்லை. மெல்லிய கண்ணாடி அடியுள்ள தட்டில் ஈரல் புற்று செல்களையோ, ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் ஹீலா என்ற மனித செல்களையோ 37 டிகிரி சூட்டில், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு காற்றில் வளர்ப்பார்கள். துளிகள் நிறைய வேண்டுமென்றால் முந்தின இரவே ஒலியிக் அமிலத்தை ஆல்புமின் புரதத்தோடு கட்டி ஊற்றி வைப்பார்கள். ஆலிவ் எண்ணெயில் நிறைய இருக்கும் அதே கொழுப்பு அமிலம், நிலக்கடலை எண்ணெயிலும் தாராளம். காலையில் செல் முழுக்கத் துளி முளைத்திருக்கும். சாயத்தை டிஎம்எஸ்ஓ திரவத்தில் கரைத்து, மைக்ரோமோலார் கணக்கில் மிகக் கொஞ்சமாகச் சேர்த்து, சில நிமிடம் காத்திருந்து, செல்லின் ஒரு தளத்தை மட்டும் கூர்மையாகக் காட்டும் கான்ஃபோகல் மைக்ராஸ்கோப்பில் வைப்பார்கள். தண்ணீரில் இருட்டாக இருக்கும் சாயமென்றால் மிச்சத்தைக் கழுவக்கூட வேண்டாம். உட்கருவுக்கு வேறு நிறத்தில் ஒரு சாயம் போட்டால், எந்தத் துளி எந்தச் செல்லுடையது என்று பிரித்துச் சொல்லலாம்.

முதல்முறை பார்க்கிறவர்கள் எதிர்பார்க்காதது துளிகளின் நடமாட்டம். சிலது ஒரே இடத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும். திடீரென்று ஒன்று நேர்கோட்டில் விறுவிறுவென்று ஓடும். இரண்டு துளி முட்டிக்கொண்டு மணிக்கணக்கில் கலக்காமல் ஒட்டியே நிற்பதும் உண்டு.

அப்புறம், ஏமாறும் இடங்கள். கண்ணைப் பறிக்கும் படம் வந்துவிட்டால் பாதிப் பேர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள் என்பது என் குறை. படத்தில் நாம் பார்ப்பது சாயம் எங்கே ஒளிர்கிறது என்பதை. கொழுப்பு எங்கே இருக்கிறது என்பதை அதிலிருந்து ஊகிக்கிறோம். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை வேலை செய்துதான் நிரப்ப வேண்டும். ஒலியிக் அமிலம் கொடுத்த செல்லில் ஒளிர்வு ஏற வேண்டும். டிரையாக்சின் சி போன்ற, கொழுப்பு சேர்வதைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால் இறங்க வேண்டும். சாயமே போடாத தட்டையும் அதே வெளிச்சத்தில் படம் பிடிக்க வேண்டும், ஏனென்றால் செல்லே தன்னிச்சையாகக் கொஞ்சம் ஒளிரும். பெரிலிப்பின் புரதத்துக்கு வேறு நிறம் கொடுத்து, அது துளியைச் சுற்றி மோதிரமாக நிற்கிறதா என்று பார்த்தால் இன்னும் நல்லது. லைசோசோம் சாயத்தோடும் ஒருமுறை ஒப்பிட வேண்டும்.

அளவு விஷயத்திலும் ஒரு சிக்கல். சாதாரண ஒளி மைக்ராஸ்கோப்பால் சுமார் 200 முதல் 250 நானோமீட்டருக்குக் கீழே இருப்பவற்றைப் பிரித்துக் காட்ட முடியாது. அப்போதுதான் பிறந்த துளி அதைவிடச் சின்னது. படத்தில் அதுவும் 250 நானோமீட்டர் பொட்டாகத்தான் தெரியும். பக்கத்துப் பக்கத்தில் மூன்று இருந்தால் ஒன்றாகத் தெரியும். இந்த எல்லையைத் தாண்டும் முறைகளுக்குத்தான் 2014-ல் எரிக் பெட்சிக், ஸ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர் ஆகியோர் வேதியியல் நோபல் பரிசு வாங்கினார்கள். ஆனால் அவற்றில் பல முறைகளுக்குப் பலமான ஒளி தேவை. பலமான ஒளியில் சாயம் வெளுக்கும். வெளுக்கும்போது ஆக்சிஜனின் கொடூர வடிவங்களை உண்டாக்கி செல்லையும் வாட்டும். வாடிய செல் பெரும்பாலும் என்ன செய்யும் என்றால், கொழுப்புத் துளிகளை அதிகமாக்கும்! படம் பிடித்ததாலேயே துளி பெருகிவிட்டதா என்று சோதிக்க, படம் பிடிக்காமல் இருட்டில் வைத்த தட்டு ஒன்றும் பக்கத்தில் வேண்டும்.

இன்னொன்று, பொதுவான ஒளிர்சாயம் கொழுப்பு இருக்கிறது என்று சொல்லும். எந்தக் கொழுப்பு என்று சொல்லாது. டிரைகிளிசரைடா கொலஸ்ட்ரால் எஸ்டரா என்று நைல் ரெட்டின் நிறத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. நேற்று சேர்ந்ததா இன்று சேர்ந்ததா என்றும் தெரியாது. பின்னதற்கு ஒரு குறுக்கு வழி, கொழுப்பு அமிலத்தின் வாலிலேயே போடிப்பியைக் கட்டி செல்லுக்கு ஊட்டுவது. பட்டினி போட்ட செல்லில் அந்தக் கொழுப்பு அமிலம் துளியிலிருந்து கிளம்பி மைட்டோகாண்டிரியாவுக்குப் போவதை இப்படிப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் வாலில் அவ்வளவு பெரிய சுமையைக் கட்டிய கொழுப்பு அமிலம், இயல்பானது நடந்துகொள்கிறபடியேதான் நடந்துகொள்கிறதா என்ற சந்தேகம் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும்.

அந்தச் சந்தேகமே வராத வழி ஒன்று உண்டு, அதன் வேர் திருச்சியில் பிறந்த சி.வி.ராமன் 1928-ல் கண்டுபிடித்த விளைவில் இருக்கிறது. மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியின் நிறம் மூலக்கூறின் அதிர்வுக்கு ஏற்ப மிகச் சிறிதளவு மாறும். கொழுப்பு அமிலத்தின் நீண்ட வாலில் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புகள் நிறைய இருப்பதால், சென்டிமீட்டருக்கு 2845 என்ற அலை எண்ணுக்குப் பக்கத்தில் பலமான சைகை வரும். 2008-ல் சன்னி ஷியே குழு, இரண்டு லேசர்களைக் கொண்டு இந்தச் சைகையைத் தூண்டி வேகமாகப் படம் எடுக்கும் முறையைக் காட்டியது. சாயமே வேண்டாம். ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வடிவமான டியூட்டீரியம் வைத்த கொழுப்பு அமிலத்தை ஊட்டினால் அதன் சைகை 2100-க்குப் பக்கத்தில் தனியாக விழும். புதிதாக வந்த கொழுப்பு எந்தத் துளியில் சேர்ந்தது என்று பிரித்துச் சொல்லிவிடலாம். டியூட்டீரியம் உருவத்தில் ஹைட்ரஜன் அளவேதான் என்பதால் வாலில் சுமை கட்டிய பிரச்சினை கிட்டத்தட்ட இல்லை. கருவி மட்டும் கோடிக் கணக்கில் விலை, சைகையும் ஒளிர்சாயம் தரும் அளவுக்குப் பலமில்லை. அதனால் அன்றாட வேலைக்குச் சாயமும், அது சொல்வதில் சந்தேகம் வரும் தட்டுக்கு இதுவும் என்று இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறார்கள்.